பிப்ரவரியில் கியூபெக் நகரம்: எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் மாணவியாக இருந்தபோது, பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டு தோழிகளோடு கியூபெக் நகரத்துக்கு நான்கு நாள் போய்வந்தேன். ஊர் திரும்பியதிலிருந்து அடுத்த செட்டில் கனடா போகிற ஜூனியர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: குளிர் தாங்குமா, மொழி தெரியாமல் முடியுமா, செலவு எவ்வளவு, வீட்டில் என்ன சொல்வது. எல்லாருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

கியூபெக் என்பது மாகாணமா, நகரமா?

இரண்டும்தான். கியூபெக் மாகாணத்தின் பெரிய நகரம் மாண்ட்ரியல். தலைநகரம் கியூபெக் சிட்டி. அங்குள்ளவர்கள் 'கெபெக்' என்றுதான் சொல்கிறார்கள். அல்கோன்கியன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பூர்வகுடிகளின் சொல் அது. ஆறு குறுகும் இடம் என்று பொருள். அகண்டு ஓடும் செயின்ட் லாரன்ஸ் ஆறு இந்த ஊர் முன்னால் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருங்குகிறது. 1608-இல் சாமுவேல் து ஷாம்ப்லேன் இங்கே குடியிருப்பு அமைத்ததும் அதனால்தான். மேலே பாறைக் குன்று, கீழே குறுகிய ஆறு; யார் படகில் வந்தாலும் கண்ணில் படாமல் போக முடியாது.

குளிர்காலத்தில் ஏன் போக வேண்டும்? மே மாதம் போனால் ஆகாதா?

தாராளமாக ஆகும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் பலருக்கு ஏப்ரல் கடைசியில் செமஸ்டர் முடிந்துவிடும், மே மாதம் டிக்கெட் போட்டு ஊர் திரும்பிவிடுவோம். இது சின்னக் காரணம். பெரிய காரணம், அந்த ஊர் குளிர்காலத்தில்தான் தன் இயல்பில் இருக்கிறது.

நான் படித்த ஊரில் ஜனவரி வந்தால் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் ஓடுவோம். கியூபெக்கில் மைனஸ் 18-இல் ஒரு அம்மா இரண்டு குழந்தைகளைச் சின்னச் சறுக்குவண்டியில் உட்கார வைத்து, கயிற்றால் இழுத்தபடி கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். நம் ஊரில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவது போல, அது பாட்டுக்கு நடந்தது. வயதானவர்கள் ஆபிரகாம் சமவெளி என்ற நகரப் பூங்காவில் பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு காலை நடைப்பயிற்சி போகிறார்கள். அதைப் பார்த்த பிறகு, குளிரைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணமே மாறிப்போயிற்று. அதற்காகவே போகச் சொல்கிறேன்.

எப்படிப் போவது?

டொராண்டோ பக்கம் இருந்தால் முதலில் மாண்ட்ரியல். 540 கிலோமீட்டர், ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து கியூபெக் சிட்டி 250 கிலோமீட்டர், பேருந்தில் மூன்று, மூன்றேகால் மணி நேரம். ரயிலும் உண்டு. இரண்டுமே 'கார் து பலே' என்ற பழைய ரயில் நிலையத்தில் வந்து நிற்கும். பழைய ஊரைச் சுற்றி நிற்கும் கோட்டைச் சுவருக்குள் தங்குவதானால் அங்கிருந்து மேட்டில் ஏற வேண்டும். உருளும் சூட்கேஸ் பனியில் உருளாது, இழுத்தால் உழும். முதுகுப்பை எடுத்துப் போங்கள்.

காரை வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டாம் என்பது என் கருத்து. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த மாகாணத்தில் பதிவான கார்களுக்குக் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம் என்பதிலிருந்தே சாலை எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

விசா, பர்மிட் ஏதாவது வேண்டுமா?

வேண்டாம். மாகாணம் தாண்டுவது நாட்டுக்குள் நடக்கும் பயணம்தான், எல்லைச் சோதனை கிடையாது. கியூபெக்கில் படிக்கத்தான் மாகாணத்தின் தனி அனுமதி தேவைப்படும், சுற்றிப் பார்க்க அல்ல. போட்டோ உள்ள அடையாள அட்டையும் இன்ஷூரன்ஸ் கார்டும் கையில் இருக்கட்டும். அந்த இன்ஷூரன்ஸ் வேறு மாகாணத்தில் எப்படிச் செல்லும் என்று உங்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிரெஞ்சு தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் மாண்ட்ரியல் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். மாண்ட்ரியலில் கடைக்காரர் 'போன்ஜூர், ஹாய்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார், நாம் எதில் பதில் சொல்கிறோமோ அதில் தொடர்வார். கியூபெக் சிட்டியில் வெறும் 'போன்ஜூர்'தான். நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் தாய்மொழி பிரெஞ்சு. சுற்றுலாப் பயணிகள் புழங்கும் தெருக்களில் ஆங்கிலம் எளிதாக நடக்கும். பேருந்து நிறுத்தத்திலும் மருந்துக் கடையிலும் சில சமயம் நடக்காது.

நான்கு சொல் போதும்: போன்ஜூர், மெர்சி, சில் வூ ப்ளே, எக்ஸ்க்யூஸே-முவா. வணக்கம், நன்றி, தயவுசெய்து, மன்னிக்கவும். கடைக்குள் நுழைந்ததும் போன்ஜூர் சொல்லாமல் நேராக விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. முதல் நாள் நாங்கள் ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தோம், பதில் வந்தது, முகம் மலரவில்லை. இரண்டாம் நாளிலிருந்து போன்ஜூர் சொல்லி, 'நான் பிரெஞ்சு பேசமாட்டேன், மன்னிக்கவும்' என்பதையும் பிரெஞ்சிலேயே சொல்லப் பழகிக்கொண்டோம்: 'தெஸோலே, ஜ ந பார்ல் பா ஃப்ரான்ஸே'. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பாட்டி அதைக் கேட்டுவிட்டு என் உச்சரிப்பைத் திருத்தி, மறுபடி சொல்லச் சொல்லி, சரியாக வந்ததும் கைதட்டினார். எங்கள் பேருந்து வரும்வரை கூடவே நின்று, நிறுத்தம் எண்ணிக்கையை விரல்விட்டுக் காட்டி அனுப்பினார்.

இதில் அவர்கள் பக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். 1759 செப்டம்பர் 13 அன்று ஆபிரகாம் சமவெளியில் நடந்த சண்டை அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆங்கிலேயத் தளபதி வுல்ஃப் களத்திலேயே இறந்தார், பிரெஞ்சுத் தளபதி மோன்கால்ம் மறுநாள் காலை இறந்தார். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் இந்த மண் பிரிட்டன் கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டரை நூற்றாண்டு, சுற்றிலும் ஆங்கிலம் சூழ்ந்த கண்டத்தில், அவர்கள் மொழியை விடவில்லை. 1977-இல் பிரெஞ்சு மொழிச் சாசனம் என்று சட்டமே போட்டார்கள். பிரான்ஸிலேயே சாலையில் 'ஸ்டாப்' என்றுதான் பலகை இருக்கிறது, இங்கே 'ஆரே' என்று எழுதியிருக்கிறார்கள். கேஎஃப்சி-க்குக்கூட இங்கே பெயர் பிஎஃப்கே. கார் நம்பர் பிளேட் ஒவ்வொன்றிலும் 'எனக்கு நினைவிருக்கிறது' என்று பொருள்படும் வாசகம். மொழிக்காகப் போராடிய ஊரிலிருந்து வந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த நான்கு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள்.

பள்ளியில் பிரெஞ்சு படித்திருக்கிறேன். அது போதுமா?

படிக்கப் போதும், கேட்கக் கொஞ்சம் பழக வேண்டும். கூட வந்த தோழி ஒருத்தி புதுச்சேரியில் ஆறு வருடம் பிரெஞ்சு படித்தவள். முதல் நாள் மாலை அவளுக்கே பாதி புரியவில்லை. இங்கே 'தூ' என்பது 'ட்ஸூ' என்றும் 'தி' என்பது 'ட்ஸி' என்றும் ஒலிக்கும். சொற்களும் மாறும். காலை உணவு தேஜூனே, மதிய உணவு தீனே, இரவு உணவு சூப்பே. பாரிஸ் வழக்கில் தீனே என்றால் இரவு உணவு, ஆகவே 'தீனேவுக்கு வாருங்கள்' என்றால் எந்த வேளை என்று கேட்டுக்கொள்வது நல்லது. மூலைக் கடைக்குப் பெயர் தேபனேர். நன்றி சொன்னால் 'பியன்வன்யூ' என்பார்கள். நல்வரவு என்ற சொல்லையே 'பரவாயில்லை' என்ற இடத்தில் வைக்கிறார்கள். மூன்றாம் நாள் அவளுக்குக் காது திறந்துவிட்டது.

உண்மையாகவே எவ்வளவு குளிர்?

பிப்ரவரியில் பகலில் மைனஸ் 5, மைனஸ் 6. இரவில் மைனஸ் 15 பக்கம். இது சராசரி. குளிர் அலை வந்தால் மைனஸ் 25-க்குக் கீழே போகும். ஆற்றுக் காற்று சேர்ந்தால் இன்னும் கூடுதலாக உறைக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது மூக்குக்குள் ஈரம் உறைந்து சின்னதாக ஒட்டுவது தெரியும். முதல் தடவை பயந்துவிட்டேன், பிறகு அதுவே தெர்மாமீட்டர் ஆகிவிட்டது. மூக்கு ஒட்டினால் மைனஸ் பத்துக்குக் கீழே என்று கணக்கு.

கட்டடங்களுக்குள் இருபது டிகிரிக்கு மேல் சூடு வைத்திருப்பார்கள். அதனால் ஒரே ஒரு கனமான உடுப்பு போட்டால் உள்ளே வியர்க்கும், வெளியே வந்ததும் அந்த வியர்வையே குளிரும். அடுக்கடுக்காகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே ஃப்ளீஸ் அல்லது கம்பளி, அதற்கு மேலே காற்று புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் வேண்டாம், ஈரத்தை விடாது. கையுறையில் விரல்கள் தனித்தனியாக இருப்பதைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் நல்லது.

தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாகிவிடும், கொண்டுபோகாதீர்கள். தலைக்குக் குளித்தால் முழுக்கக் காய வைத்த பிறகுதான் வெளியே கிளம்ப வேண்டும். போனை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள், வெளிப்பையில் இருந்தால் நாற்பது சதவீத சார்ஜ் இருக்கும்போதே அணைந்துபோகும்.

காலணி பற்றி ஏன் எல்லாரும் இவ்வளவு சொல்கிறார்கள்?

நான் பட்டதால் நீளமாகவே சொல்கிறேன். ஒன்டாரியோவில் ஒரு கடையில் தள்ளுபடியில் பூட்ஸ் வாங்கினேன். பார்க்கக் கனமாக, உள்ளே ரோமத்தோடு, நன்றாகவே இருந்தது. நீர் புகாதது என்று கடையில் சொன்னதை நம்பினேன். இரண்டாம் நாள் மதியம் உப்பு போட்டு உருகிய பனிச்சேற்றில் ஒரு மணி நேரம் நடந்ததும் தையல் வழியாக நீர் இறங்கிவிட்டது. வலி இருந்தவரை கவலைப்படவில்லை. வலி நின்றபோது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அதுதான் ஆபத்தான அறிகுறி. ஹாஸ்டலுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் இரண்டு கால்விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. தொட்டால் என் விரல் மாதிரியே தெரியவில்லை.

ஹீட்டர் பக்கம் காலை நீட்டப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் ஓடிவந்து தடுத்தார். உணர்ச்சியில்லாத தோல் சுடுவது தெரியாமலே வெந்துவிடுமாம். தேய்க்கவும் விடவில்லை. ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூடு, அதில் இருபது நிமிடம் வைக்கச் சொன்னார். உணர்ச்சி திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்தியது. கொஞ்ச நேரத்தில் சிவந்து, சரியாகிவிட்டது. வெளுப்பு போகாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ உடனே மருத்துவமனை. அவசர எண் 911.

மறுநாள் காலை முதல் வேலையாக வேறு பூட்ஸ் வாங்கினேன். ஆகவே: அடிப்பாகம் முழுக்க ரப்பராக இருக்கும் பூட்ஸ், கம்பளி சாக்ஸ் போட்டும் விரல் அசைகிற மாதிரி ஒரு அளவு கூடுதலாக. பழைய ஊர் முழுக்க மேடு பள்ளம். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டைகள் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். வாங்கிவிடுங்கள். மேலூரிலிருந்து கீழூருக்கு இறங்கும் படிக்கட்டுக்கு 'கழுத்தை முறிக்கும் படிக்கட்டு' என்றே பெயர். பயமாக இருந்தால் பக்கத்திலேயே 1879-இலிருந்து ஓடும் இழுவை ரயிலில் இறங்கலாம்.

கார்னவல் என்கிறார்களே, அது என்ன?

ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி முதலில் தொடங்கி சுமார் பத்து நாள் நடக்கும் குளிர்காலத் திருவிழா. முதன்முதல் 1894-இல் நடத்தினார்கள், 1955-இலிருந்து தொடர்ச்சியாக வருகிறது. விழாவின் நாயகன் பொனோம் என்ற பனிமனிதன்: வெள்ளை உடம்பு, சிவப்புக் குல்லாய், இடுப்பில் அம்பு வடிவம் நெய்த பட்டை. அவர் வருகிறார் என்றால் பெரியவர்களும் குழந்தைகள் மாதிரி ஓடுகிறார்கள். பனிச் சிற்பங்கள், ஐஸ் கட்டியால் எழுப்பிய அரண்மனை, இரவு ஊர்வலம் எல்லாம் உண்டு.

எனக்கு மனதில் நிற்பது படகுப் போட்டி. ஐந்து பேர் ஒரு படகு. தண்ணீர் இருக்கும் இடத்தில் துடுப்பு போடுகிறார்கள், ஐஸ் பாளம் வந்தால் ஒரு காலைப் படகுக்குள் வைத்து மறுகாலால் உந்தித் தள்ளுகிறார்கள், பாளம் முடிந்தால் மறுபடி உள்ளே தாவுகிறார்கள். விளையாட்டுக்காகக் கண்டுபிடித்தது அல்ல அது. ஐஸ் உடைக்கும் கப்பல்கள் வராத காலத்தில் எதிர்க்கரைக்குத் தபாலும் சரக்கும் ஆட்களும் அப்படித்தான் போனார்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை?

கோட்டைச் சுவர். 4.6 கிலோமீட்டர் நீளம். மெக்சிகோவுக்கு வடக்கே சுவர் முழுதாக நிற்கும் ஒரே ஊர் இது. 1985-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1870-களில் சுவரை இடித்துவிடலாம் என்று கிளம்பியபோது தடுத்தவர் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த டஃப்ரின் பிரபு. அதே டஃப்ரின்தான் 1884-இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தார். அவர் பெயரில் உள்ள மரப்பலகை நடைமேடையில் நின்றால் முழு ஆறும் தெரியும். அங்கேயே பனிச்சறுக்கு ஓடை ஒன்று 1884-இலிருந்து இருக்கிறது. மரச் சறுக்குப் பலகையை நாமே மேலே இழுத்துப் போய், உட்கார்ந்து, விட்டால் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை வேகம். சில நொடிதான், ஆனால் போங்கள்.

பக்கத்திலேயே கோபுரங்களோடு நிற்கும் சாட்டோ ஃப்ரோந்தனாக் அரண்மனை அல்ல, ஹோட்டல். ரயில் கம்பெனி பயணிகளை இழுக்கக் கட்டி 1893-இல் திறந்தது. தங்காவிட்டாலும் வரவேற்புக் கூடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஊருக்கு வெளியே மோமோரான்சி அருவி. 83 மீட்டர், நயாகராவைவிட முப்பது மீட்டர் உயரம். நகரப் பேருந்தில் போய்விடலாம். குளிர்காலத்தில் ஓரங்கள் உறைந்து நடுவில் மட்டும் தண்ணீர் விழும். சிதறும் சாரல் அடியிலேயே உறைந்து உறைந்து ஒரு குன்றாக வளர்கிறது. அதற்கு 'சர்க்கரைக் கூம்பு' என்று பெயர். ஐஸ் ஹோட்டல் பற்றியும் கேட்கிறார்கள். ஊருக்கு வெளியே இருக்கிறது, நாங்கள் நேரமில்லாமல் போகவில்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். எல்லாரும் சொல்லும் பூட்டின் என்பது வறுத்த உருளைக்கிழங்கின் மேல் புதுச் சீஸ் துண்டுகள் போட்டு, சூடான குழம்பு ஊற்றியது. அந்தக் குழம்பு வழக்கமாக மாட்டிறைச்சி அல்லது கோழிச் சாற்றில் செய்தது. 'சோஸ் வெஜெதாரியன்' இருக்கிறதா என்று கேளுங்கள், பல கடைகளில் உண்டு. பட்டாணி சூப்பில் பன்றித் துண்டு இருக்கும், வேகவைத்த பீன்ஸிலும் அப்படித்தான். நாங்கள் இரவு ஹாஸ்டல் சமையலறையில் ரவை உப்புமா கிண்டிவிடுவோம்.

எந்தத் தயக்கமும் இல்லாமல் எல்லாரும் சாப்பிடக்கூடியது 'தீர்'. மேப்பிள் மரத்தின் சாற்றை நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். அந்தப் பாகை இன்னும் காய்ச்சி, சுத்தமான பனியை நீளத் தொட்டியில் நிரப்பி, மேலே கோடு கோடாக ஊற்றுகிறார்கள். ஊற்றியதும் சீறும் சத்தம்கூட இல்லை, பனிக்குள் மெல்ல அமிழ்ந்து தேன் நிறத்தில் நிற்கிறது. ஐந்தாறு விநாடி விட்டு, ஒரு மரக்குச்சியை ஓரத்தில் வைத்து உருட்டினால் அப்படியே சுருண்டு வரும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அம்மா தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாரே, அதே பதம். வெளியே குளிர்ந்து, உள்ளே சூடாக, பல்லில் ஒட்டும்.

செலவு?

தங்குவதற்குத்தான் அதிகம், கார்னவல் நாட்களில் இன்னும் ஏறும். இரண்டு மாதம் முன்பே ஹாஸ்டலைப் பிடித்துவிடுங்கள். கடையில் எழுதியிருக்கும் விலையில் வரி சேராது. மத்திய வரி, மாகாண வரி இரண்டும் சேர்ந்து 14.975 சதவீதம். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்கு மேல் 15 சதவீதமாவது டிப்ஸ். நூறு டாலர் சாப்பாடு நூற்று முப்பதாகும் என்று மனதில் வைத்துக்கொண்டு ஆர்டர் செய்யுங்கள்.

மூன்று பெண்கள் தனியாகப் போக வீட்டில் எப்படிச் சம்மதித்தார்கள்?

என் அப்பாவுக்குத் தங்கும் இடத்தின் முகவரி, போன் நம்பர், பேருந்து நேரம் மூன்றையும் முன்பே அனுப்பினேன். அவர் கவலை பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிட்டது. ஊரில் ராத்திரி பத்து மணிக்கு நடந்து வந்தபோதும் எங்களுக்குப் பயமாக இல்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. பயப்பட வேண்டியிருந்தது வழுக்கலுக்கும் கூரையிலிருந்து விழும் ஐஸ் ஈட்டிகளுக்கும்தான். சுவரோரமாக நடக்காதீர்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் என்ன செய்யலாம்?

காலையில் சுவருக்குள் சுற்றுங்கள், மதியம் படிக்கட்டு இறங்கி பெத்தி-ஷாம்ப்லேன் தெருவையும் பழைய தேவாலயம் இருக்கும் பிளாஸ் ரொயாலையும் பாருங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நாலரை மணிக்கு லெவி போகும் படகுத்துறையில் இருங்கள்.

அது சுற்றுலாப் படகு அல்ல, வேலை முடிந்து அக்கரை போகிறவர்களின் படகு. பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம், குளிர்காலம் முழுக்க ஓடுகிறது. உள்ளே சூடாக இருக்கும், ஆனால் மேல்தளத்தில் நில்லுங்கள். படகு ஐஸ் பாளங்களைப் பிளக்கும்போது முதலில் காலில் அதிர்வு வரும், பிறகுதான் சத்தம், பெரிய மரப்பெட்டியைச் சிமெண்ட் தரையில் இழுப்பது போல. நாங்கள் போன அன்று பாளங்கள் கடல் பக்கம் போகாமல், ஆற்றுக்கு எதிராக மேலே போய்க்கொண்டிருந்தன. கண் ஏமாற்றுகிறதோ என்று நினைத்தேன். பக்கத்தில் கைப்பையோடு நின்ற ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு 'மாரே' என்றார். ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது. கடல் அத்தனை தூரத்தில் இருந்தும் ஓதம் ஏறும்போது இங்கே ஆறே திரும்பி ஓடுகிறது. அவர் தினமும் அதைப் பார்ப்பவர், இருந்தும் உள்ளே போகாமல் எங்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது குன்றின் மேல் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள்.